சஹ்ரா கூப்பிட்ட பெயர்

எங்கள் பக்கத்து வீட்டுச் சஹ்ரா சோமாலி வானொலியில் செய்தி வாசிப்பவள். லண்டன் கிங்ஸ்பரியில் இந்த மாடிக்கு நாங்கள் வந்து பதினொரு வருடம். அவள் அதற்கும் முன்பே வந்தவள். காலையில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அது முடிய பஸ் பிடித்து வெம்பிளிக்குப் போவாள். அங்கே ஒரு கடைக்கு மேலே, சுவரெல்லாம் பழைய கம்பளம் அடித்த ஓர் அறை. அதுதான் வானொலி நிலையம். மூன்று மணிக்கு இங்கே அவள் வாசிக்க, அவளுடைய நாட்டில் ஆறு மணி. சனம் வேலை முடித்து ரேடியோவுக்குப் பக்கத்தில் இருக்கும் நேரம். துப்பாக்கியைக் காட்டி ஊர்களைப் பிடித்து வைத்திருக்கும் துவக்குக்காரரும் அதே நேரம்தான் கேட்பார்கள்.

அவளுடைய பாஷை எனக்குத் தெரியாது. என் மகள் நகுலேஸ்வரிதான் நடுவில் இருந்து இங்கிலீசைத் தமிழாக்கித் தருவாள். ஆனால் அவளுடைய வேலை என்ன வேலை என்று எனக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. வன்னியில் கடைசிச் சண்டை நடந்த மாதங்களில் நானும் ரேடியோவுக்கு முன்னால் இருந்து செத்தவர்களின் பெயர் கேட்டவள்தான்.

சஹ்ராவின் தம்பி மஹத் ஊரில் இருந்து செய்தி அனுப்பினான். அந்த ஊர் துவக்குக்காரரின் கையில் இருந்தது. அதனால் ரேடியோவில் அவனுக்கு யூசுப் என்று ஒரு பொய்ப்பெயர். போனில் பேசினால் வாயில் துணியை வைத்துக்கொண்டுதான் பேசுவான், குரல் பிடிபடாமல்.

சோமாலிச் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரே பெயரில் ஊருக்கு முப்பது பேர் இருப்பார்கள், அதனால் ஆளுக்கொரு பட்டம். எங்கள் ஊரிலும் பட்டம் வைப்போம்தான், ஆனால் முதுகுக்குப் பின்னால். அவர்கள் முகத்துக்கு நேரே கூப்பிடுவார்கள். மந்திரிக்கும் பட்டம் இருக்கிறதாம். மஹத்துக்குச் சின்ன வயதில் ஒட்டகம் கடித்து ஒரு காதில் பாதி இல்லை. அவன் அரைக்காதன். தாயும் அப்படித்தான் கூப்பிடுவாளாம்.

"ஐயோ, அந்தப் பெடிக்குக் கோபம் வராதோ?" என்று கேட்டேன்.

"மஹத் எண்டு கூப்பிட்டால்தான் அவன் திரும்பிப் பார்க்கமாட்டான், மாமி. என்ர பட்டம் தெரியுமோ? தகரவாய்."

நகுலேஸ்வரி சிரித்த சிரிப்பு! "எங்கட அம்மாவுக்கும் அதுதான் பொருத்தம்" என்று அவளுக்கு இங்கிலீசில் வேறு சொல்லிக் கொடுத்தாள்.

போன வருடம் மாசியில் மஹத்தின் ஊர்ச் சந்தையில் குண்டு வெடித்தது. எழுதி அனுப்ப நேரமில்லை என்று மஹத் செய்தி வாசிப்பின் நடுவிலேயே நேரே போனில் வந்தான். சஹ்ரா கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் இரண்டாவது சத்தம். அதன் பிறகு லைன் இருக்கிறது, ஆள் பேசவில்லை. "யூசுப், யூசுப்" என்று இரண்டு தரம் கூப்பிட்டவள், மூன்றாம் தரம், "அரைக்காதா, இருக்கிறியாடா?" என்று கேட்டுவிட்டாள். முழு நாடும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இருக்கிறன் அக்கா" என்றான் அவன். உடனே போனை வைத்துவிட்டான்.

அந்த ஊரில் அரைக்காதன் ஒருவன்தான்.

வாசிப்பு முடிந்ததும் அவள் அவனுக்குப் போன் போட்டாள். உடனே ஊரை விட்டு வெளிக்கிடு என்றாள். ரோட்டெல்லாம் மறித்திருக்கிறார்கள், விடியப் பார்ப்போம் என்றானாம். அடுத்த நாள் போன் அடித்தது, எடுப்பாரில்லை. மூன்றாம் நாள் யாரோ எடுத்தார்கள். பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. சஹ்ராவும் வாய் திறக்கவில்லை. அவளுடைய குரல் அவர்களுக்குத் தெரியுமே. நாலாம் நாளிலிருந்து போன் செத்துப்போயிற்று.

இப்போது பதினாறு மாதம். காணாமல் போனவர்களைத் தேடுகிற இடத்துக்கு நகுலேஸ்வரியும் கூடப் போய்ப் படிவம் நிரப்பிக் கொடுத்தாள். ஒரு பதிலும் இல்லை. தாய் பக்கத்து ஊரில் இளைய மகளோடு இருக்கிறாள். சஹ்ராவின் போனை அவள் எடுப்பதே இல்லை.

போன கிழமையும் நான் சொல்லிப் பார்த்தேன். "அந்த மைக்குக்கு முன்னால இனிப் போகாதை பிள்ளை. உன்னை நீயே கொல்லுறாய்."

"ரேடியோவிலதானே மாமி என்ர குரல் அம்மாவிட்டப் போகும்."

"அப்ப கேக்கிறாதானே? கேக்கக் கேக்க மனம் இளகும்."

"தங்கச்சி சொன்னவள். நான் சலாம் சொல்ல முதலே அம்மா ரேடியோவை நிப்பாட்டிப் போடுவாவாம்."

"ஒரு நாளைக்கு நிப்பாட்ட மறந்து போவா. எழுதி வைச்சுக்கொள். தம்பியும் வருவான்."

"அம்மா, சும்மா இருங்கோ" என்றாள் நகுலேஸ்வரி. நான் சொன்னதைச் சஹ்ராவுக்குச் சொல்லவும் இல்லை. எத்தனை தரம் தடுத்தாலும் நான் அதையேதான் சொல்லுவேன்.

சஹ்ரா தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மஹத்தின் ஊரிலிருந்து இப்போது ஒரு செய்தியும் வருவதில்லை. அனுப்ப ஆளில்லை. மற்ற ஊர்களின் செய்தியை வாசிக்க அவள் பஸ்ஸுக்குப் போனாள்.