வதனா பார்த்தெழுதிய எண்

யாழ்ப்பாணத்தில் பிறந்த வதனா, படிக்கக் கண்டிக்கு வந்து, இங்கேயே ஓர் உணவுப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். பதினொரு வருடங்களில் அவள் கையொப்பமிட்ட அறிக்கை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பேரை நம்பித்தான் அம்பிட்டியவிலிருந்து திரேசா வந்தாள். அன்னாசிச் சாற்றில், தயிரைத் தோயவைக்கும் வகை நுண்ணுயிர்களை விட்டுப் புளிக்கவைத்து, பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துத் தூளாக்கி வாங்கி, வயிற்றுக்கு நல்லதென்று விற்பது அவள் தொழில்.

"உறைய வைச்சுத்தான் காய வைக்க வேணும், அக்கா. ரெண்டு நாள் எடுக்கும். ஆனா கிருமி உயிரோட இருக்கும்" என்று முதல் நாளே சொன்னவள் வதனாதான்.

மூன்றாம் தடவை சாறு வந்தபோது உறையவைத்துக் காயவைக்கும் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. திரேசாவுக்கோ வெள்ளிக்கிழமை கண்காட்சி. வதனா மற்ற இயந்திரத்தில் சாற்றை ஊற்றினாள். அது சாற்றைக் கொதிக்கும் காற்றில் தூவி, நிமிடக்கணக்கில் தூளாக்கிவிடும். அந்தச் சூட்டில் எத்தனை உயிர் தப்பியதென்று எண்ணிப் பார்க்க மூன்று நாட்கள் வேண்டும். அவள் காத்திருக்கவில்லை. போன தடவை வந்த எண்ணையே பார்த்தெழுதிக் கையொப்பம் வைத்தாள்.

திங்கட்கிழமை, அந்தத் தூளை இட்டு வைத்திருந்த சோதனைத் தட்டுகளைத் திறந்தாள். ஒன்றிலும் ஒரு புள்ளிகூட முளைத்திருக்கவில்லை; ஓர் உயிரும் தப்பவில்லை.

அன்று மாலையே திரேசா வந்தாள். "எல்லாம் வித்துப் போச்சு மிஸ். உங்க பேரச் சொல்லித்தான் குடுத்தேன்."

வதனா அலுமாரியைத் திறந்து எதையோ தேடுகிறவள்போல் முதுகைக் காட்டி நின்றாள். மூன்று கிழமைகள் அப்படியே போயின. கடைசியில் ஒரு சனிக்கிழமை அம்பிட்டியவுக்கு பஸ் ஏறிப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"சாப்பிட்டவங்களுக்கு ஏதும் ஆகுமா?" என்று கேட்டாள் திரேசா.

"ஒண்டும் ஆகாது அக்கா. அது வெறும் அன்னாசித் தூள். நான் எழுதினதுதான் பொய்."

திரேசா தன் போனை நீட்டினாள். "வாங்கினவங்க நம்பர் இதுல இருக்கு. நீங்களே சொல்லுங்க."

பதினாறு பேர். வதனா கதிரையில் உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்தாள். சிலர் ஏசினார்கள். ஒருத்தி பாதியிலேயே வைத்துவிட்டாள். பிலிமத்தலாவையில் இருந்த தனபாலன் என்ற முதியவர் மட்டும், "பரவாயில்லம்மா, எனக்கு இப்ப வயிறு நல்லாத்தானே இருக்கு" என்றார். மற்றவர்களின் ஏச்சைவிட அதுதான் அவளைக் கூனிக் குறுகவைத்தது.

"இல்லை ஐயா, அது இந்தத் தூளாலை இல்லை" என்று மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

திங்கட்கிழமை மேலதிகாரியிடமும் சொன்னாள். ஒரு வருடத்துக்கு அவள் எந்த அறிக்கையிலும் கையொப்பமிடக் கூடாதென்று முடிவாயிற்று.

அடுத்த சாற்றைக் கொண்டுவந்த திரேசா, பொறுப்பாளர் என்று பக்கத்து மேசைக் கௌசிகனின் பெயரை எழுதச் சொன்னாள். பழுது பார்த்த இயந்திரத்தின் தட்டுகளை வதனா கழுவித் துடைத்து, சாற்றை ஊற்றிக் கொடுத்தாள். திரேசா கௌசிகனிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.