திறக்காத பெட்டி

தம்பியைத் தீவிரவாதிகள் கடத்திவிட்டார்கள் என்ற செய்தி கொல்லங்கோட்டு டீக்கடை டிவியில்தான் முதலில் வந்தது. பார்த்தவர் ஒருத்தர் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்து சொன்னார். காஷ்மீரில் முகாமிலிருந்து லீவில் கிளம்பியவனை வழியில் வண்டியை மறித்து, அடையாள அட்டையைப் பார்த்து, இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ராணுவ உடுப்பில்லை, துப்பாக்கியில்லை, ஊருக்கு வருகிறவனின் சாதாரணச் சட்டையில் இருந்தான்.

பட்டாளத்தில் அவன் சேர்ந்தபோது, "பந்திக்குத்தான் முந்துவே, படைக்கும் ஏண்டா முந்தறே?" என்று கேலி செய்தேன். சிரித்துக்கொண்டே இன்னொரு தோசை கேட்டான். அப்படி ஒரு சாப்பாட்டுப் பிரியன்.

அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. "விட்டுருவாங்க கண்ணு. அவங்களயும் ஒருத்தி பெத்திருப்பாள்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அவ்வளவு நல்ல மனது கிடையாது. கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். அம்மாவின் முகத்துக்கு நேராக மைக்கை நீட்டிய டிவிக்காரரை ரோடு வரைக்கும் விரட்டினேன்.

பிறகு உடல் கிடைத்தது. அவனைக் கொல்வதற்கு முன் என்னென்ன செய்தார்கள் என்று எனக்குச் சொன்னார்கள். அதை நான் எழுதப்போவதில்லை.

மாநில எல்லையான கோவிந்தாபுரத்திலிருந்தே ஜனம் ரோட்டோரம் காத்து நின்றது. உடலிருந்த பெட்டியோடு வந்த ராணுவ அதிகாரி மலையாளி. என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "சேச்சி, பெட்டி துறக்கண்ட. அம்ம காணண்ட" என்றார். பெட்டியைத் திறக்க வேண்டாம், அம்மா பார்க்க வேண்டாம் என்கிறார்.

எங்கள் சனத்தில் உடலை எடுப்பதற்கு முன் வாய்க்கரிசி போட வேண்டும். போடாமல் அனுப்பினால் பசியோடு போவான் என்பது அம்மாவின் நம்பிக்கை.

"பெத்தவ மொகத்தப் பாக்காம எப்படி அனுப்பறது? தொறக்கச் சொல்லு" என்றார் பெரியம்மா.

"வேண்டாமுங்க பெரியம்மா. ஆரும் பெட்டியத் தொட வேண்டாம்."

"நீயெல்லாம் ஒரு அக்காளா?"

பெரியம்மா என்ன சொன்னாலும் போகட்டும், அம்மா கேட்டால் என்ன சொல்வேன் என்றுதான் பயந்தேன்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு புரிந்துகொண்டாளோ தெரியாது. "விடுங்கக்கா. தொறக்க வேண்டாம்" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, கைப்பிடி அரிசியோடு பெட்டி அருகே வந்து உட்கார்ந்தாள்.

பெட்டிமேல் போர்த்தியிருந்த கொடியை மடித்து எடுத்திருந்தார்கள். வெறும் மரப்பெட்டி, இரண்டு முனையும் ஒன்றுபோல இருந்தது. அம்மா அதிகாரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க சாமி, தலை எந்தப் பக்கமுங்க?"

அவர் குனிந்து கையால் இடத்தைக் காட்டினார். அம்மா அங்கே அரிசியைப் போட்டாள். வழவழப்பான மூடியில் அது நிற்காமல் சரிந்து கீழே விழுந்தது. பொறுக்கி எடுத்து மறுபடி போட்டாள். மறுபடியும் விழுந்தது.

"தின்னு சாமி" என்றாள். "கொஞ்சமாச்சும் தின்னு."

நான் இரண்டு கைகளையும் மூடியின் ஓரத்தில் அணைகட்டிப் பிடித்துக்கொண்டேன். அம்மா போட்டுக்கொண்டே இருந்தாள்.