ஆணி ருசியும் கொய்யா வாசனையும்

பிராந்தி விற்பதற்குக் கை இருந்தால் போதும், ஒயின் விற்பதற்குத்தான் வாய் வேண்டும். உத்திரமேரூர்ப் பக்கத்தில் வாய் இருந்தும் பேச ஆளில்லாமல் நின்ற ஒரே ஒயின்காரன் நான்தான்.

சென்னையில் ஒரு பெரிய ஓட்டல் பாரில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். கிளாஸைச் சுழற்றி, மூக்கை விட்டு மோந்து, ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்க ஓடவிட்டு, அப்புறம் துப்பிவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். "துப்புறதுக்கு ஒரு சம்பளமா?" என்று எங்கள் மானாம்பதியில் சிரிக்காத ஆள் இல்லை. சிரித்தவர்கள் வாய் பலித்து, ஓட்டலை இழுத்து மூடினார்கள். ஊருக்குத் திரும்பி, யார் யார் காலையோ பிடித்து, அரசாங்க மதுக்கடையில் சேல்ஸ்மேன் ஆனேன்.

கடை ஊருக்கு வெளியே, வயல் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. முன்பக்கம் முழுக்கக் கம்பி வலை, அதில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. வருகிறவர்களின் முகத்தை நாங்கள் அதிகம் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்போம். மேல் தட்டில் கொஞ்சம் ஒயின் பாட்டில்கள் தூசி படிந்து நிற்கும். மருந்துக்கடையோ மளிகைக்கடையோ, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று காலம் தள்ளுகிற என் ஜாதிக்காரர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். தெரிந்த வித்தையைக் கேட்க ஆள் வராமல் நிற்பது இருக்கிறதே, அந்தக் கால்வலி வேறு.

மாப்பிள்ளை கேட்ட கேபர்நே

பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்கு வந்த பெங்களூர் மாப்பிள்ளை ஒருத்தர், "கேபர்நே இருக்கா?" என்று கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தச் சிவப்பு ஒயின் பேரைக் காதால் கேட்டு எத்தனை நாளாச்சு! பாட்டிலை எடுத்துத் துடைத்து, "இது நல்லா துவர்க்கும், ஆட்டுக்கறிக்கு ஜோடி. திறந்து கொஞ்ச நேரம் வெச்சிருந்து குடிங்க. மிளகு மாதிரி சுருக்குன்னு வேணும்னா ஷிராஸ் இருக்கு, இனிப்பு வேணும்னா போர்ட் இருக்கு, வெள்ளையில வேணும்னா..." என்று ஆரம்பித்துவிட்டேன். பின்னால் கியூ வரப்பு வரைக்கும் நிற்கிறது. பூட்டி வைத்த வாய், திறந்தால் நிற்குமா?

அவருக்கு அடுத்து நின்றது எத்திராஜ். திருப்புலிவனத்துக்காரர், சென்ட்ரிங் மேஸ்திரி. கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் பலகை அடித்துக் கட்டுகிற வேலை. தினமும் அதே பிராந்தி, அதே குவார்ட்டர், பேச்சு ஒன்றும் இருக்காது. அன்றைக்குத்தான் முதல்முதலாக வாயைத் திறந்தார்: "இன்னா சார், பொண்ணு பாக்கற மாதிரி பாட்டிலுக்கு இவ்ளோ வெசாரிப்பு? குடிச்சா கவுந்துக்கணும், அவ்ளோதான?"

ரத்தம் ஊறுகிற பாட்டில்

புதிதாக அப்பா ஆன பையன் ஒருத்தன் ரெட் ஒயின் கேட்டான். யாருக்கு என்றேன். பெண்டாட்டி பிரசவத்துக்குப் பிறகு வெளுத்துப்போயிருக்கிறாளாம், சிவப்பாக இருப்பதைக் குடித்தால் ரத்தம் ஊறும் என்று யாரோ சொன்னார்களாம். பால் கொடுக்கிறவளுக்குச் சாராயமா, போய் டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல், முருங்கைக்கீரை ஆக்கிக் கொடு என்று கத்தி அனுப்பினேன். எங்கள் சூப்பர்வைசர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் போனதும் மெதுவாகச் சொன்னார்: "நல்லா வியாபாரம் பண்ற போ. முருங்கக்கீர விக்கிறதுன்னா சந்தையில போயி குந்திக்கோ."

வளையல் போட்ட கை

ஒரு நாள் மத்தியானம், கடை திறந்த உடனே, ஓட்டைக்குள் ஒரு பொம்பளைக் கை வந்தது. கண்ணாடி வளையல், நாற்று நட்டு வெடித்த விரல். கியூவில் நின்ற ஆம்பளைகள் எல்லாம் சட்டென்று பத்தடி தள்ளி நின்று வானத்தைப் பார்த்தார்கள். "நான் எத்திராஜ் சம்சாரம்ணா, அமுலு" என்றாள்.

எத்திராஜுக்குக் கல்லீரல் வீங்கியிருக்கிறதாம். இன்றைக்கே குடியை விட வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். அவரும் ரோஷமாக விட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டு நாளில் கை கால் இழுத்துக்கொண்டது. பயந்துபோய் மறுபடியும் குவார்ட்டர். கொடுத்த மாத்திரையைக் கூரைமேல் வீசிவிட்டாராம். "படிக்கட்டுல எறங்கறா மாதிரி ஒண்ணொண்ணா எறக்கலாம்னு பாக்கறேண்ணா. வைனுல போத கம்மின்றாங்களே, அத்த குடு" என்றாள். இதுவும் சாராயம்தானம்மா, ஆஸ்பத்திரிக்கே திரும்ப அழைத்துக்கொண்டு போ என்றேன். "இட்டுக்கினு போறேண்ணா. அவுரு வர்றேன்னு சொல்லணுமே. அது வரிக்கும் உன் கடைல வந்து இன்னா வாங்குவாரு?"

பிராந்தியில் ஊறின நாக்கு துப்பாமல் இருக்க வேண்டுமே என்று, இனிப்பான போர்ட் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். முந்தானையில் சுற்றிக்கொண்டு இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். "ஏண்ணா, இதுல பாதிய நான் குடிச்சிட்டா, அவருக்குப் பாதிதான போவும்?"

ஆணி

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அமுலு நிஜமாகவே குடித்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிக்கிற மாதிரி, பாதி பாட்டில். எத்திராஜுக்குக் கோபம் வந்து கத்தியிருக்கிறார். "உனக்கு இன்னா உண்டோ அதான் எனக்கும்" என்று பதில் வந்திருக்கிறது. மறுநாள் வந்த எத்திராஜிடம் போர்ட் எப்படி என்று கேட்டதற்கு, "இருமல் மருந்து" என்றார். அவ்வளவுதான்.

அடுத்தது ஷிராஸ் கொடுத்தேன். எத்தனை நாள் கழித்து என்னிடம் ருசி கேட்க ஓர் ஆள் சிக்கியிருக்கிறார், விடுவேனா? கண்ணை மூடிக்கொண்டு மடக்கென்று கவிழ்க்காதீர்கள், கோலிசோடா ஊற்றாதீர்கள், சூடான டீ மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், கறியோடு சாப்பிடுங்கள் என்று பாடம் எடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போய், கருவாட்டுக் குழம்போடு குடித்திருக்கிறார்கள். துவர்ப்பான சிவப்பு ஒயினுக்கும் மீனுக்கும் ஆகவே ஆகாது, வாயெல்லாம் இரும்பு வாடை அடிக்கும். மறுநாள் எத்திராஜ் கை ஓட்டைக்குள் வந்து கவுண்டரைத் தட்டிய தட்டில் பாட்டில்கள் ஆடின: "பலவ அடிக்கசொல்ல ஆணிய வாய்ல கவ்விக்கினு இருப்பேன் பாரு, அதே ருசி சார். வேலதான் பேஜாருன்னா, சோறு துன்ற எடத்துலயுமா?"

பாதிக்குப் பாதி

அப்புறம் வெள்ளைக்கு வந்தேன். செனின் பிளாங் என்று ஒரு திராட்சை. லேசான இனிப்பு, லேசான புளிப்பு, போதையும் போர்ட்டைவிடக் குறைச்சல். பானைத் தண்ணீரில் பாட்டிலைப் போட்டு வையுங்கள், வறுத்த நெத்திலிக்கு நன்றாக இருக்கும் என்றேன். மறுநாள் அமுலுவே வந்தாள், முகத்தில் ஒரு சிரிப்போடு. "கொய்யாக்கா வாசன வருதுண்ணா" என்றாள். வரும்! அந்தத் திராட்சைக்கு அந்த வாசனை உண்டு. கொட்டகைக்குள் நான் துள்ளிக் குதித்ததைப் பார்த்து சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார்.

அதிலிருந்து அதுதான். இரண்டு எவர்சில்வர் டம்ளர், பாதிக்குப் பாதி, எதிரெதிரே உட்கார்ந்து. அது வரைக்கும் அவர் குடிக்கிற நேரத்தில் அவள் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுவாளாம், அடிக்குப் பயந்து. இப்போது, எந்த ஊரில் சன்ஷேட் போட்டார், எந்த வீட்டுக்காரர் காசு கொடுக்க இழுத்தடிக்கிறார் என்றெல்லாம் சொல்லுகிறாராம். தினம் ஒரு பாட்டில் அரையானது, அரை ஒரு டம்ளரானது, கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றானது. இரண்டாம் தடவை அமுலு கூப்பிட்டபோது ஆஸ்பத்திரிக்கும் வந்தாராம். ஓட்டைக்குள் வருகிற கையின் நடுக்கம் குறைந்ததை நானே பார்த்தேன். எனக்கு ஒரே பெருமை. பார்த்தீர்களா, சரியான ஒயினைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் மனுஷனே மாறுகிறான் என்று அவரிடமே பீற்றிக்கொண்டேன். எத்திராஜ் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு வலைக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னார்: "அவளாண்ட சொல்லிடாத சார். எனக்கு அது பச்சத்தண்ணியாட்டம் கீது. நான் ஒரு டம்ளரு குடிச்சா அவளும் ஒரு டம்ளரு குடிக்கிறா. என்னால அவ குடிகாரியாவணுமா? அதான் கொறச்சிக்கினேன்."

ஓடாத சரக்கு

அந்த வெள்ளை தீர்ந்துபோனது. ஓடாத சரக்கை டிப்போவிலிருந்து அனுப்ப மாட்டார்கள். ஒரு வீட்டுக்கு, வாரத்துக்கு ஒரு பாட்டில் ஓடுகிறதே என்றேன். சூப்பர்வைசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். லீவு நாளில் பஸ் ஏறி காஞ்சிபுரம் போய், என் காசில் இரண்டு பாட்டில் வாங்கி வந்து மேல் தட்டில் ஓரமாக வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது, எத்திராஜ் கை வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அவரோடு வேலை செய்கிற ஒருத்தர்தான், வயிறு ஊதிப்போய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று சொன்னார்.

போய்ப் பார்த்தேன். அவர் முகத்தை வலை இல்லாமல் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணெல்லாம் மஞ்சள், கை கால் குச்சி. அமுலு காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பழைய பிராந்தி தின்றது தின்றதுதான், ரொம்ப லேட் என்று சொல்லிவிட்டார்களாம். உங்கள் சரக்கு வந்திருக்கிறது என்று உளறினேன். நாக்கை வெட்டிப்போட வேண்டும். அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்: "நான்தான் உட்டுட்டேனே சார், அது ஏன் என்ன உட மாட்டேங்குது?"

படையல்

அவர் போய்ச் சேர்ந்தார். மாலை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு, அமுலு முகத்தைப் பார்க்காமலே திரும்பி வந்தேன். சாராயம் விற்கிறவன் எந்த முகத்தோடு பார்ப்பான், சொல்லுங்கள். அழுதேன், வெட்கமில்லாமல், பஸ்ஸில் உட்கார்ந்து.

காரியத்துக்கு முந்தின நாள். மத்தியானம் கடை திறந்ததும் ஓட்டைக்குள் அந்தக் கை வந்தது. முழங்கை வரைக்கும் புது வளையல், பச்சையும் சிவப்புமாக. பிறந்த வீட்டார் போட்டிருப்பார்கள், மறுநாள் உடைப்பதற்கு. என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. "வூட்ட உட்டு வரக்கூடாதுன்னாங்கண்ணா. நான் வந்துட்டேன்" என்றாள். சாயந்திரம் படையல். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைப்பது வழக்கம், பீடி, கறி, சரக்கு உட்பட. அவர் தம்பி பழைய பிராந்தியிலேயே ஒரு குவார்ட்டர் வாங்கி வந்து வைத்துவிட்டானாம். "அவரையே துன்னத அவரு எலைல வெக்க நான் உட மாட்டேன். ருசி எப்பிடின்னு உன்னாண்டதான வந்து சொல்லுவாரு? அவருக்கு எது புடிச்சுதுன்னு உனக்குத்தான் தெரியும். அத்த குடுண்ணா."

எனக்குத் தெரியும். இருமல் மருந்து, ஆணி, பச்சைத்தண்ணி. ஒன்றுகூட அவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதை அந்த வளையல் கைக்கு எப்படிச் சொல்வேன்? காஞ்சிபுரத்திலிருந்து வாங்கி வந்த இரண்டு பாட்டிலையும் எடுத்து, துடைத்து, ஓட்டைக்குள் வைத்தேன். "இதுதாம்மா. இதைத்தான் கடைசி வரைக்கும் கேட்டார்." காசு வேண்டாம் என்றேன். அவள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை என் பக்கம் தள்ளினாள்.

"ஒண்ணே போதும்ணா. ரெண்டு டம்ளரு வெச்சி பாதிக்குப் பாதி ஊத்திடறேன். தனியா குடிக்கற பழக்கம் அவருக்கு உட்டுப்போச்சி."

இத்தனை வருஷம் மோந்து, சப்பி, துப்பி, ஆளுக்கும் சோற்றுக்கும் பொருத்தம் பார்த்து நான் எடுத்துக் கொடுத்த ஒயின்களில், வைத்த இலைக்குச் சரியாக ஜோடி சேர்ந்தது அது ஒன்றுதான், ஆனால் ருசி எப்படி என்று வந்து சொல்லத்தான் ஆள் இல்லை.