ஏற்றக் கூடாத விளக்கு

“...அந்தப் பிள்ளைக்கு மட்டும் விளக்கு வேணாம்லா டீச்சர், அவங்க வீட்ல இந்த வருஷம் தீபாவளி கிடையாது. அப்பா தவறி நாலு மாசம்தான் ஆகுது,” என்றார் வேன்காரர்.

மலேசியாவில், கிள்ளானில் ஒரு டியூஷன் வகுப்பு. பிள்ளைகள் தங்கள் அம்மாக்களுக்குத் தீபாவளிப் பரிசாகக் கொடுக்க, அகல்விளக்குகளுக்குச் சாயம் பூச உதவப் போயிருந்தேன். வேன்காரர், பிள்ளைகளை வீட்டுக்கு ஏற்றிப்போக வந்தவர். பெரிய தொந்தி, கழுத்தில் ஈரத்துண்டு. எதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பார். மழைக்குப் பயந்து வாசலில் நின்ற வாண்டுகளை, “வானத்த நம்பி குடைய வித்தவன் மாதிரி நிக்காதீங்கடா!” என்று அப்போதுதான் வேனுக்கு விரட்டியிருந்தார்.

என் காதோடு சொன்னதாகத்தான் அவர் நினைப்பு. ஆனால் அது லோரி ஹாரன் மாதிரிக் குரல். அந்தப் பிள்ளைக்கே கேட்டுவிட்டது. ஏழு வயதிருக்கும். சிவப்புச் சாயம் காயாத விளக்கோடு எங்கள் முன்னால் வந்து நின்றாள். எல்லாரையும் போல அவளும் அதில் ‘அம்மாவுக்கு’ என்று எழுதியிருந்தாள். எழுதச் சொன்னவள் நான்தான்.

“ஏத்த மாட்டோம் அங்கிள். சும்மா கொடுக்கலாம்ல?”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“பாத்தா அம்மா அழுவாங்களா அங்கிள்?”

அந்தப் பெரிய மனிதர் மூச்சு வாங்கக் குனிந்து உட்கார்ந்தார். அவள் காலில் ஒழுங்காகக் கட்டியிருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, மறுபடியும் கட்ட ஆரம்பித்தார்.