சம்பூர்ணம் டீச்சரோட ஒண்ணாங்கிளாஸ்

மே மாசம் வந்தா மத்த டீச்சருங்க எல்லாம் ஊருக்குப் போவாங்க, இல்லன்னா வீட்ல காலை நீட்டிப் படுப்பாங்க. எங்க சம்பூர்ணம் அக்கா மட்டும் பிள்ளை பிடிக்கக் கிளம்பிடுவாங்க. சிரிக்காதீங்க, ஸ்டாஃப் ரூம்ல நாங்க அப்படித்தான் சொல்லுவோம். மைசூர் ராஜ்யத்துல வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த கன்டோன்மென்ட், அதுல ரிச்சர்ட்ஸ் டவுன்ல அவங்க வீடு. அங்கிருந்து நடந்தே போய் சமையக்காரங்க, ஆயாங்க, குதிரைக்காரங்க இருக்கிற லைன் வீடு ஒண்ணு விடாம ஏறி இறங்குவாங்க. "உங்க பிள்ளையைத் தமிழ்ல சேருங்கம்மா"ன்னு கேக்கறதுக்குத்தான் இத்தனை அலைச்சல்.

நான் அதே ஸ்கூல்ல தையல் டீச்சர், சரளா. ஊசிக்கும் நூலுக்கும் பாஷை வேண்டாம், அதனால என் வேலைக்கு எந்தக் காலத்துலயும் ஆபத்து வந்ததில்லை. அக்கா வேலை அப்படி இல்லை. எங்க ஸ்கூல்ல கன்னடப் பிரிவு பெருசு, தமிழ்ப் பிரிவு சிறுசு. ஒண்ணாங்கிளாஸ்ல பத்துப் பிள்ளைங்களாவது சேர்ந்தாத்தான் அந்த வருஷம் தமிழ்ப் பிரிவு. சேரலைன்னா அடியில இருந்து அறுந்து போயிடும். மேல் கிளாஸ் பிள்ளைங்க ஒவ்வொரு வருஷமா படிச்சுட்டு வெளிய போக, கடைசியில பெஞ்சுதான் மிச்சம் இருக்கும்.

வெள்ளைக்காரன் போன புதுசுல பிள்ளை கிடைக்கறது அவ்வளவு கஷ்டமில்லை. பாஷைவாரியா ராஜ்யங்களைப் பிரிச்சப்புறம்தான் பேஜாரு ஆரம்பிச்சது. பேக்கரி அப்பாதுரை வாசல்லயே மறிச்சுப்பாரு. "தமிழ்தான் வீட்லயே பேசுதே டீச்சரம்மா, அதுக்கு எதுக்கு ஸ்கூலு? கன்னடம் படிச்சா சர்க்கார் வேலை கிடைக்கும்." ஆயா வேலை பாக்கற லட்சுமம்மாவுக்கு இங்கிலீஷ் மோகம். "எங்க துரைசானி போயிட்டா, ஆனா இங்கிலீஷு போகலையே டீச்சர்!" அவங்க சொல்றதுலயும் தப்பில்லைதானே? வயித்துப் பாடு யாருக்குத்தான் இல்லை?

அக்கா சண்டை போட மாட்டாங்க. ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, எப்பவும் சொல்றதையே மறுபடி சொல்லுவாங்க. "கன்னடம் மூணாங்கிளாஸ்ல நானே சொல்லித் தரேன், நல்லாத் தரேன். முதல்ல எழுத்துன்னா என்னன்னு பிள்ளைக்குப் புரியட்டும். பசிக்குதுன்னு எந்த பாஷையில அழுவுதோ அதுல புரியட்டும். ஒண்ணாங்கிளாஸ்ல வாயடைச்சுப் போன பிள்ளை ரெண்டாங்கிளாஸுக்கு வராதும்மா, நான் பாத்திருக்கேன்." இதைச் சொல்லிச் சொல்லி அவங்க தொண்டையே கட்டிப்போச்சு. சாயங்காலம் எங்க வீட்டு வாசப்படியில உக்காந்து காலைப் பிடிச்சுக்கிட்டு, "அடுத்த வருஷம் நான் போகல சரளா, யாராவது போகட்டும்"னு சொல்லுவாங்க. யாரு போவா? நான் போவேனா? மறு வருஷமும் அவங்களேதான் போவாங்க.

ஐம்பத்தெட்டுலன்னு நினைக்கிறேன், எப்படியோ பிள்ளை தேறிடுச்சு, அப்பாதுரை கூடப் பையனைச் சேத்தாரு. அக்கா முகத்துல அன்னைக்குத்தான் கொஞ்சம் களை பாத்தேன். அந்த சந்தோஷமும் நிலைக்கலை. இன்ஸ்பெக்டர் வராரு, தமிழ்ப் பிரிவு நெஜமாவே வேணுமான்னு பிள்ளைங்களை நேர்ல பாத்து முடிவு பண்ணுவாருன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து சொன்னாங்க.

இங்க ஒண்ணு சொல்லணும். கன்டோன்மென்ட்ல பொறந்தவங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிர்ல நிக்கிறவங்க பாஷையிலதான் பேசுவோம். கறிக்கடை பாயோட உருது, பால்காரரோட தெலுங்கு, துரை வீட்ல இங்கிலீஷ், மாவு மில்லுல கன்னடம். அதுல ஒரு பெருமையும் கிடையாது, வீட்டுக்கு வந்தவங்களுக்கு மணை போடற மாதிரி ஒரு மரியாதை. சந்துல விளையாடற பொடிசுங்களுக்கே அது வந்துடும். எழுதப் படிக்கத்தான் எதுவும் வராது. அக்காவும் ஒரு வாரமா பிள்ளைங்களுக்கு என்ன சொல்லி வெச்சாங்க? "பெரியவரு வருவாரு, கேட்டதுக்கு மரியாதையாப் பதில் சொல்லணும்." வேற வினையே வேண்டாம், போங்க!

இன்ஸ்பெக்டர் மைசூர்ப் பக்கத்து மனுஷர். தலைப்பாகையும் கோட்டுமா வந்தாரு, சிரிச்ச முகம். கெட்டவர்னு சொன்னா என் வாய் அழுகிப்போகும். பிள்ளைங்க பக்கத்துல குனிஞ்சு உன் பேரென்ன, காலையில என்ன சாப்பிட்டே, அப்பா என்ன வேலைன்னு கன்னடத்துல கேட்டாரு. நம்ம பிள்ளைங்க விடுமா? ஒண்ணுக்கொண்ணு முந்திக்கிட்டு, கணீர்னு கன்னடத்துலயே பதில் சொல்லுச்சுங்க. அப்பாதுரை பையன் பதில் சொல்லிட்டு நமஸ்காரம் வேற போட்டான். ஜன்னலுக்கு வெளிய நின்ன லட்சுமம்மா, கேக்காமலேயே கன்னடத்துல, "எங்க பிள்ளைங்க ரொம்ப புத்திசாலிங்க சாமி"ன்னாங்க.

இன்ஸ்பெக்டருக்கு மனசு குளுந்துபோச்சு. "இவ்வளவு அழகா கன்னடம் பேசறாங்களே, இவங்களுக்கு எதுக்கம்மா தனிப் பிரிவு?"ன்னு அக்காவைப் பாத்துக் கேட்டாரு.

அக்கா பேசினாங்க. வாயால பேசறது வேற, எழுதப் படிக்கிறது வேறன்னு சொன்னாங்க. ஊர்ல இருந்து புதுசா வர பிள்ளைங்க, கோலார் தங்கவயல்ல இருந்து வர பிள்ளைங்க, இவங்க கதியெல்லாம் என்னன்னு கேட்டாங்க. கடைசியில கை கூப்பினாங்க. கண்ணுல தண்ணி. எல்லாம் கன்னடத்துல! ஒரு இடத்துலயும் தடங்கல் கிடையாது, அப்படி ஒரு கன்னடம். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. பின்னால நின்னு, "அக்கா, தமிழ்ல பேசுங்கக்கா, ஹெட்மிஸ்ட்ரஸ் கன்னடத்துல எடுத்துச் சொல்லட்டும்"னு முந்தானையைப் பிடிச்சு இழுத்தேன். திரும்பி மெதுவா, "அவருக்குத் தமிழ் வராதே சரளா, எப்படி முகத்துக்கு நேரா..."ன்னாங்க. மரியாதையாம் மரியாதை!

அவர் முழுசாக் கேட்டாரு, பாவம். கேட்டுட்டு, "நீங்க கவலையே படாதீங்க, உங்க வேலை எங்கயும் போகாது. இப்படிக் கன்னடம் பேசற டீச்சர் எங்களுக்கே கிடைக்க மாட்டாங்க. கன்னட ஒண்ணாங்கிளாஸை நீங்களே எடுத்துக்குங்க"ன்னு சொன்னாரு. அவங்க வேலைக்காக அழறாங்கன்னு நினைச்சுட்டாரு. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா பெருமூச்சு விட்டாங்க, அவங்களுக்கு ஒரு தலைவலி தீர்ந்தது. ஜூலையில தமிழ் ஒண்ணாங்கிளாஸ் இல்லை.

லைன் வீட்டுக்காரங்க யாரும் வருத்தப்படலை. "நல்லதாப் போச்சு டீச்சரம்மா, நீங்கதானே சொல்லித் தரீங்க, அப்புறமென்ன"ன்னு சொன்னாங்க. அக்காவும் தலையாட்டினாங்க. போர்டுல கன்னட எழுத்தை முத்து முத்தா எழுதுவாங்க. பிள்ளைங்களும் படிச்சுதுங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஸ்டாஃப் ரூம்ல மட்டும் அவங்க பேச்சுக் குறைஞ்சுபோச்சு. கேட்டா, "அலுப்பா இருக்கு"ன்னு ஒரே வார்த்தை.

மழைக்காலம் முடியற சமயத்துல சரசுன்னு ஒரு பொண்ணு வந்து சேந்தா. குடியாத்தத்துல இருந்து வந்த குடும்பம், அப்பனுக்கு மில்லுல வேலை. தமிழைத் தவிர ஒரு சொல்லு தெரியாது. ஒரு வாரமா கடைசி பெஞ்சுல சிலேட்டைக் கட்டிக்கிட்டு சும்மா உக்காந்திருந்தா. அவளைத் தனியாக் கூப்பிட்டுப் பேசணும்னு அக்கா தினமும் சொல்லிக்கிட்டிருந்தாங்க. கிளாஸ் முழுக்கப் பிள்ளைங்க, எங்க நேரம்?

ஒரு நாள் மத்தியானம் அக்கா என் தையல் ரூமுக்கு வந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காம உக்காந்தாங்க.

"என்னக்கா?"

"அந்தச் சரசு இன்னைக்குத் தானா எழுந்து வந்தா. மேசைகிட்ட நின்னு, 'டீச்சர், உங்களுக்குத் தமிழ் வருமா?'ன்னு கேட்டா."

"அப்பாடா! வரும்னு சொன்னீங்கதானே?"

"சொன்னேன்." கையைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. "கன்னடத்துல சொல்லிட்டேன் சரளா. பாடம் நடத்திக்கிட்டிருந்தேனா, வாயில அதுதான் வந்தது. அவ என் முகத்தையே கொஞ்ச நேரம் பாத்தா. சரி, இவங்களுக்கும் வராதுன்னு நெனச்சுக்கிட்டா போல. போய் உக்காந்துட்டா."

எனக்கு வந்த ஆத்திரத்துல கத்திரியை மேசையில போட்டேன். "இங்க என்ன பண்றீங்க? போங்க, போய் இப்பவே அவகிட்டத் தமிழ்ல பேசுங்க!"

"போனேனே. மணி அடிச்ச உடனே ஓடினேன். சிலேட்டை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா."

மறுநாள் சரசு வரலை. அதுக்கப்புறமும் வரலை.