மொட்டைத் தலையும் தயிர்ச் சோற்று முடியும்

சோற்றில் முடி கிடந்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அந்த மாதம் தினமும் கிடந்தது. கறுப்பாய், நீளமாய், விரலால் எடுக்கப் போனால் நழுவி ஓடும்.

"தலைய விரிச்சிப் போட்டுக்கினு சமைக்கிறியா? கருமம்!" என்று தட்டைத் தள்ளுவேன். என் மனைவி செல்வி தலையில் துண்டு கட்டிக்கொண்டு சமைத்தாள். அப்போதும் கிடந்தது.

என் சர்க்கரை இறங்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு, அவள் திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டாள். நானோ மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஜிலேபிப் பாகை விரலோடு நக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தயிர்ச் சோறு. வெள்ளைவெளேரென்ற சோற்றின் நடுவே அதே முடி, புழுவைப் போல நெளிந்தது.

"த்தூ! மறுபடியும் முடி!"

செல்வி முக்காட்டை விலக்கிவிட்டு, சந்தனம் பூசிய தலையைக் குனிந்து காட்டினாள். "நல்லா பாத்துக்கோ. மொட்ட மண்டையில ஏதுய்யா முடி?"

முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தேன். வெள்ளையடித்த சுவரிலும் அது நெளிந்தது.

"சர்க்கரையால கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சு முடி மாதிரி மிதக்குது. இப்படியே விட்டா பார்வை போயிடும்" என்றார் காஞ்சிபுரத்துக் கண் டாக்டர். அவள்மேல் துப்பிய அருவருப்பெல்லாம் திரும்பி வந்து, பாகு மாதிரி என் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது.

கண்ணில் லேசர் வைத்தார்கள். ஜிலேபியை விட்டேன், மாத்திரையைப் பிடித்தேன். கறுப்பு மெல்ல மங்கியது.

நேற்று சோற்றில் ஒரு முடி. தொட்டேன், கைக்கு வந்தது. செல்விக்குப் புதிதாய் வளர்ந்த குட்டை முடி. குமட்டவில்லை. ஓரமாய் வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டேன்.