ஒயர் கூடைக் குடும்பம்

சென்ற ஆண்டு ஒரு மாதம் இத்தாலியில் மகளோடு தங்கியிருந்தேன். அவள் வேலை பார்க்கும் ஊர் சிறியது. பார்ப்பதற்கு அங்கே அதிகம் இல்லை. அங்கிருந்து ரயில் ஏறினால் ஒரு பக்கம் கடலோரக் கிராமங்கள், மறுபக்கம் மதில் சூழ்ந்த பழைய நகரங்கள். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். விடுமுறை நாட்களில் காபி கலக்கும்போதே மகள் கேட்பாள்: "இன்னைக்குக் கடலாம்மா, பழைய ஊரா?" எதுவானாலும் நான் புளியோதரை கட்டிக்கொண்டுதான் கிளம்பினேன். ரயிலில் நான் டப்பாவைத் திறக்கும்போது அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். கடைசி வாய் மட்டும் அவளுக்குத்தான் போகும்.

இதே கேள்வி என்னிடம் முதலில் கேட்கப்பட்டது மயிலாடுதுறையில், அம்மாவின் அண்ணன் வீட்டில். அப்போது எனக்கு எட்டு வயது. முழுப்பரீட்சை முடிந்ததும் மாமா எங்கள் ஊர் குடவாசலுக்கு வந்து என்னை அழைத்துக்கொண்டு போனார். நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது கல்லூரிக் காலத்தில்தான். ஆகவே அந்த விடுமுறைக்கு எழுத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. நன்றாக நினைவிருப்பதை மட்டும் எழுதுகிறேன்.

இரவு சாப்பிடும்போது மாமா கேட்பார்: "நாளைக்குக் கடலா, கோயிலா?" நான் நிறைய யோசித்துப் பதில் சொல்வேன். எந்தப் பதிலைச் சொன்னாலும் மறுநாள் போகும் இடம் முன்பே முடிவானதாகத்தான் இருந்தது. கடல் என்று சொன்ன அன்று கும்பகோணத்துக்குப் போனோம். கோயில் என்று சொன்ன அன்று பூம்புகாருக்கு. தஞ்சாவூருக்குப் போன அன்று மட்டும் என் விருப்பமும் மாமாவின் திட்டமும் ஒன்றாக இருந்தன. மாமா, அத்தை, சித்தி, நான் என்று நால்வரும் காலையிலேயே பஸ் ஏறுவோம். பிள்ளைகள் இல்லாத வீட்டில் எனக்காகத்தான் இவ்வளவு அலைகிறார்கள் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

அந்தப் பயணங்கள் சித்திக்காக. தாத்தா இறந்த பிறகு அம்மாவின் தங்கையைக் கரையேற்றும் பொறுப்பு மாமாவிடம் வந்திருந்தது. வீட்டில் வைத்துப் பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டால் தெரு முழுக்கப் பேச்சாகிவிடும். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். முதலில் ஏதாவது கோயிலிலோ கடற்கரையிலோ இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திக்கும். பிடித்தால் பிறகு முறைப்படி வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. இந்தத் தற்செயலுக்குக் கடுமையான விதிகள் இருந்தன. பெயரோ ஊரோ கேட்கக் கூடாது. கல்யாணம் என்ற சொல் வரக் கூடாது. வெயிலைப் பற்றிப் பேசலாம், பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேசலாம், கூட இருக்கும் குழந்தையிடம் எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்கலாம். கடைசி வகைப் பேச்சுக்கு ஒரு குழந்தை வேண்டும். நான் குடவாசலிலிருந்து வரவழைக்கப்பட்டது அதற்குத்தான். வெளியூர்களில் மனிதர்கள் எவ்வளவு அன்பாக இருக்கிறார்கள், எனக்கு பிஸ்கட் தருகிறார்கள் என்று நான் ஊருக்குத் திரும்பி அம்மாவிடம் சொன்னேன்.

சித்தி உயரம். பார்த்தவர்கள் எல்லோரும் தரகர் மூலம் சொல்லி அனுப்பியது அது ஒன்றைத்தான்: பெண் லட்சணமாக இருக்கிறாள், பையனைவிட ஒரு பிடி ஒசரமாக இருக்கிறாள். போன இடத்தில் எல்லாம் அத்தை சித்தியை முதலில் உட்கார வைத்துவிடுவார். உட்கார இடமில்லாதபோது சித்தி தோளைக் குறுக்கிக் குனிந்து நடப்பாள். அவள் தரையில் எதையோ தேடிக்கொண்டே நடக்கிறாள் என்பது என் எண்ணம். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் வைத்து அதைக் கேட்டும்விட்டேன். சித்தி புல்லில் கிடந்த ஒரு கிளி இறகை எடுத்து என்னிடம் கொடுத்து, "இதைத்தான் தேடினேன்" என்றாள். அதன்பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை.

தரங்கம்பாடிக்குப் போனது அந்த வரிசையில் கடைசி. வழக்கமாகத் தரகர் தூரத்தில் நின்று துண்டை உதறித் தோளில் போட்டு, இன்னார்தான் என்று காட்டுவார். அன்று அவருடைய உறவில் ஒரு சாவு. வர முடியவில்லை. அடையாளம் மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். கோட்டை வாசல் பக்கம் இருப்பார்கள். அப்பா, அம்மா, பையன். அப்பா கண்ணாடி போட்டிருப்பார், அம்மா கையில் ஒயர் கூடை. பையன் நல்ல உயரம் என்றும் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் எல்லோருடைய முகமும் மாறியிருந்தது. அத்தை விடியுமுன் எழுந்து தேங்காய்த் துவையல் அரைத்தார். புளியோதரையைச் சித்தியே கிளறினாள்.

பஸ் போகும் வழியெல்லாம் அறுத்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. சில வயல்களில் ஆட்டுக் கிடை போட்டிருந்தார்கள். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து வந்து இறங்கியதும் அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்தபோது நான் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

கோட்டை வாசலில் அவர்கள் இருந்தார்கள். கண்ணாடி போட்ட அப்பா, ஒயர் கூடை வைத்திருந்த அம்மா, நெடுநெடுவென்று வளர்ந்த மகன். மாமா நேராகப் போய் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த அப்பாவும் வெயிலைப் பற்றிப் பேசப் பிரியமுள்ளவர். மதில் நிழலில் ஜமுக்காளம் விரித்தோம். அந்த அம்மா முதலில் மறுத்தார். புளியோதரை வாசனை வந்ததும் உட்கார்ந்துவிட்டார். யார் செய்தது என்று கேட்டார். எங்க நாத்தனார் கை என்று அத்தை சொன்னார். அந்த அம்மா சித்தியின் கையைப் பிடித்துப் பார்த்து, "இந்தக் கை போற வீடு கொடுத்து வச்ச வீடு" என்றார். அத்தையும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த அம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மகனைக் காட்டி, "இவனுக்கு இந்த வைகாசியில..." என்று ஆரம்பிப்பார். மாமா உடனே குறுக்கிட்டு, அதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம், முதலில் சாப்பிடுங்கள் என்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஆரம்பிப்பார். மாமா துவையலை நகர்த்தி வைப்பார். நல்ல மனுஷி, முறைதான் தெரியவில்லை என்று மாமா நினைத்திருக்க வேண்டும். எந்த ஊர் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பது மரியாதை இல்லை என்று அவர் கேட்கவில்லை.

மகன் என்னைக் கடலுக்குள் பாதி போய்விட்ட சிவன் கோயிலைப் பார்க்கக் கூப்பிட்டார். "சித்தியையும் கூட்டிட்டுப் போம்மா" என்றார் மாமா. அதற்கு முன் எந்தப் பயணத்திலும் அப்படிச் சொன்னதில்லை. மூவரும் மணலில் நடந்தோம். சித்தி வழக்கம்போல் குனிந்தே வந்தாள். அவர் என்னிடம் ரகசியம்போலக் கேட்டார்.

"உங்க சித்தி என்ன, தரையையே பாத்துக்கிட்டு வர்றாங்க? எதையாவது தொலைச்சுட்டாங்களா?"

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிமிந்து நடந்தா பாக்கறவங்க பயந்துடுறாங்க" என்றாள்.

"எங்க, நிமிருங்க பாப்போம்."

சித்தி நிமிர்ந்தாள். அவருடைய தோளுக்குத்தான் வந்தாள். "நான் பயப்படலையே" என்று அவர் சொன்னார். யாரிடமும் அப்படி விளையாட்டாகப் பேசக்கூடியவர் அவர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் அதே போலத்தான் பேசுவார் என்று இப்போது தோன்றுகிறது. இடிந்த கோயிலின் கற்களில் அலை வந்து மோதுவதை நின்று பார்த்தோம். பிறகு சித்தியும் நானும் தண்ணீரில் இறங்கினோம். என் கவுன் இடுப்புவரை நனைந்தது. சித்தி சேலைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்கி, காற்றை முகத்தில் வாங்கியபடி நின்றாள். சித்தியின் கழுத்து அவ்வளவு நீளம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

திரும்பி வரும்போது படகுகள் பக்கத்தில் இன்னொரு குடும்பத்தைப் பார்த்தேன். அப்பா, அம்மா, ஒரு மகன். கூடையைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எங்கள் ஜமுக்காளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அத்தையிடம் போய், அவர்களிடமும் ஒயர் கூடை இருக்கிறது என்று சொன்னேன்.

"ஒயர் கூடை யார்கிட்டதான் இல்ல? பேசாம உக்காரு" என்றார் அத்தை. நனைந்த கவுனுக்காக ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். மறுபடி நான் திரும்பிப் பார்த்தபோது படகுப் பக்கம் யாரும் இல்லை.

வெயில் சாய்ந்ததும் எல்லோரும் எழுந்தோம். மாமா வேட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, முறையாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தயாரானார். அதற்குள் அந்த அம்மா ஒயர் கூடைக்குள் கையை விட்டு, நான்கு ஓரமும் மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"காலையில இருந்து சொல்ல வர்றேன், நீங்கதான் விட மாட்டேங்கறீங்க. இவனுக்குத்தாங்க கல்யாணம். இங்க இருக்கற சொந்தக்காரங்களுக்குப் பத்திரிகை வச்சுட்டு, கடலைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம். ஒரு வேளைச் சோறு போட்டவங்க நீங்க. குடும்பத்தோட வந்து வாழ்த்தணும்."

மாமா பத்திரிகையை வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வார்? அந்த மகன் என் தலையில் தட்டி, சித்தியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா என்றார். நான் சரி என்றேன். இன்னொரு பயணம் கிடைத்துவிட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பஸ்ஸில் அந்தப் பத்திரிகை எப்படியோ சித்தியின் மடிக்கு வந்திருந்தது. மேலே போட்டிருந்த சாமி படத்திலிருந்து கீழே அச்சகத்தின் பெயர்வரை அவள் படித்தாள். நாம் போவோமா, போவோமா என்று நான் அரித்துக்கொண்டே வந்தேன்.

"பொண்ணு பேரு நல்லா இருக்கு" என்றாள் சித்தி.

முன் சீட்டில் அத்தை மெல்ல, "அந்த இன்னொரு கூடை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஒரே நாளில் இரண்டு குடும்பத்துக்குப் பெண்ணைக் காட்டுகிறவர்கள் வீட்டில் எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம் என்று படகுப் பக்கத்துக் குடும்பம் சொல்லிவிட்டதாகத் தரகர் வந்து சொன்னார். நடந்ததை விளக்கலாம் என்றால், யாரோ வழிப்போக்கர்களைச் சம்பந்தி என்று நினைத்து விருந்து வைத்தோம் என்று ஊரெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும். மாமா விளக்கவில்லை. இரண்டு குடும்பத்துக்குப் பெண்ணைக் காட்டினோம் என்ற பேச்சு மட்டும் எப்படியோ பரவிவிட்டது. அதன்பிறகு சில வருடங்கள் தரகர் அந்தப் பக்கமே வரவில்லை. கடைசியில் சித்தியை வலங்கைமானில் மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணப் படத்தில் அவர் நிற்கிறார், சித்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு எடுத்த எல்லாப் படங்களிலும் அப்படித்தான். தரங்கம்பாடியைப் பற்றி அவள் எங்களிடம் பேசியதே இல்லை. நானும் கேட்கவில்லை. நான் இத்தாலிக்குப் போவதற்கு முந்தின வருடம் மார்கழியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

என் மகள் சித்தியின் உயரம். இத்தாலியில் ஒரு மீனவ கிராமத்தில், கடலுக்குள் நீண்டிருக்கும் கோட்டைச் சுவரின் மேல் ஏறி, காற்றில் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். படம் எடு அம்மா என்றாள். என்னால் சட்டென்று எடுக்க முடியவில்லை. என்னம்மா இவ்வளவு நேரம் என்று கேட்டாள், கண் கூசுகிறது என்று சொன்னேன்.

தரங்கம்பாடியிலிருந்து திரும்பிய அன்று மாலை மயிலாடுதுறையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தோம். கடைகளில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாமாவும் அத்தையும் வேகமாக முன்னால் போய்விட்டார்கள். சித்தி தோளைக் குறுக்கி, தரையைப் பார்த்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கடற்கரையில் நிமிர்ந்து வந்தவள் மறுபடியும் ஏன் தேடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

"என்ன சித்தி தொலைஞ்சு போச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லடா கண்ணு. நீ பாத்து நட."

அவள் மறைக்கிறாள் என்று நினைத்தேன். தோடோ மோதிரமோ விழுந்திருக்கும், மாமா திட்டுவார் என்று பயப்படுகிறாள். ஆகவே அவளுக்குத் தெரியாமல் நானும் தேட ஆரம்பித்தேன். பட்டமங்கலத் தெரு முனையிலிருந்து வீட்டு வாசல்வரை தலையைத் தூக்காமல், அவள் பார்த்த பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு சோடா மூடியும் வாடிய பூச்சரம் ஒன்றும் தவிர எதுவும் கிடைக்கவில்லை. சோடா மூடியை எடுத்து அவளிடம் நீட்டினேன். சித்தி அதை வாங்கி, பார்த்து, கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். இதைத்தான் தேடினேன் என்று அவள் சொல்வாள் என்று வாசல்படியில் காத்துக்கொண்டு நின்றேன்.